விரல் இருக்குத்தானே

மூடி வர மறுத்தது.

றிக்சன் மேடையில் முழந்தாளிட்டு, காலால் அமத்துகிற அந்த நீலக் கிற்றார்ப் பெடலைக் குப்புறக் கவிழ்த்து, அடிமூடியின் இடுக்குக்குள் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தான். வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. ஹோட்டல் மண்டபத்துக்கு வெளியே வான் வண்டியின் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. கேபிள் எடுக்கப் போன சவுண்ட்காரன் இஹ்ஸான் எடுத்துவிட்டான் என்று அர்த்தம். வாசலில் இருந்து மேடைக்கு நாற்பது அடி. இன்னும் ஒரு நிமிடம். மிஞ்சினால் ஒன்றரை.

'டக்' என்று கழன்றது. உள்ளே இருந்த புதுப் பற்றரியைப் பிடுங்கிக் காற்சட்டையின் வலது பைக்குள் போட்டான். இடது பைக்குள் இருந்து இன்னொன்றை எடுத்தான். செத்த பற்றரி. மைக்குகளுக்குப் பாவித்து முடிந்தவற்றை இஹ்ஸான் எறிவதில்லை. சவுண்ட் மிக்ஸருக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைப்பான். காலையில் எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்பிய நேரம் பார்த்து அதற்குள் கையை விட்டிருந்தான் றிக்சன். வயரைக் கொழுவி, மூடியைப் பொருத்தி, பெடலைப் பழைய இடத்திலேயே நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து நின்று மூச்சு விட்டபோது, தோளில் கேபிள் வளையத்தோடு இஹ்ஸான் உள்ளே வந்தான்.

"என்ன றிக்சன் அண்ணன், இப்பிடி வேர்த்து ஊத்துது? ஏசி போட்டுத்தானே இரிக்கு?"

"வயசு போகுது தம்பி."

"உங்களுக்கா? உங்களப் பாத்து வயசுதான் ஒதுங்கிப் போகணும்."

றிக்சன் சிரித்தான். இஹ்ஸான் கிண்ணியாக்காரன், பத்து வருடப் பழக்கம். அவனோடு நின்றால் சிரிப்பு தானாக வரும். இன்று வரவழைக்க வேண்டியிருந்தது.

தான் செய்தது களவு என்று றிக்சன் நினைக்கவில்லை. ஒரு பொய்யைக் கழற்றி வைத்ததாகவே நினைத்தான். அந்தப் பெடலின் வேலையே பொய்தான். பலமாகத் தட்டிய கம்பியை அமத்தும், பட்டும் படாமலும் தொட்டதைத் தூக்கிவிடும். எப்படி வாசித்தாலும் இஸ்திரி போட்ட சேட் மாதிரி ஒரு மடிப்பும் இல்லாமல் வெளியே வரும். பெயர் கம்பிரஸர். துறைமுகத்துப் பக்கம் கம்பிரஸர் என்றால் மூன்று சாமான்: ஐஸ் பெட்டிக்கு அடியில் உறுமுவது, கராஜில் காற்றடிப்பது, சங்கு அள்ளச் சுழியோடுகிறவனுக்கு வள்ளத்தில் இருந்து குழாய் வழியே மூச்சு அனுப்புவது. நாலாவதாகக் கிற்றாருக்கும் ஒன்று இருக்கிறது என்பது, மனைவி மெலனி வாங்கப் போன நாளில்தான் கடைத்தெரு ஆட்களுக்கே தெரிந்தது. "பிரிட்ஜ் என்ன மேக் தங்கச்சி?" என்று கேட்டாராம் கடைக்காரர். கடைசியில் கொழும்பில் இருந்துதான் எடுப்பித்தாள்.

ஆம், அந்த நீலப் பெட்டி முதலில் றிக்சனுக்கு வந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன், அவனுடைய நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, பாலர் பாடசாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மனைவி வாங்கிக் கொடுத்த பரிசு. பெட்டியைத் திறந்தவுடன் அவன் முகம் போன போக்கை மெலனி இன்றைக்கும் மறந்திருக்க மாட்டாள்.

"என்ர கையில உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"அப்பிடி இல்லையப்பா. எல்லாரும் பாவிக்கினம் எண்டு..."

"எல்லாரும் பாவிப்பினம். நான் றிக்சன்."

அடுத்த நாள் ஒத்திகையில், ஹோட்டல் இசைக்குழுவுக்குப் புதிதாக வந்திருந்த சஞ்சீவனிடம் எல்லோருக்கும் முன்னால் அதை நீட்டினான். "இந்தா, ஊன்றுகோல். நொண்டுறவனுக்குத்தான் தேவை." அன்புவழிபுரத்துப் பெடியன், இருபத்தாறு வயது. அவமானப்படுவான் என்று பார்த்தால், இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதுவே றிக்சனுக்குப் பாதித் தோல்வி. வீட்டில் மெலனி இரண்டு நாள் கதைக்கவில்லை.

விபத்து நடந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கோட்டை வீதியில் மான் ஒன்று குறுக்கே பாய, மோட்டார் சைக்கிளோடு சரிந்து, வலது மணிக்கட்டு நசிந்து, ஆறு கிழமை கட்டோடு கிடந்தான். நரம்பில் அடி என்று டொக்டர் சொன்னபோது, "நரம்புதானே டொக்டர், மாசத்துக்கு ரெண்டு தரம் மாத்துறனான்" என்று கட்டிலில் கிடந்தபடியே கிற்றார்க் கம்பியைச் சொல்லிப் பகிடி விட்டவன் அவன். வார்டே சிரித்தது. கட்டு அவிழ்த்துத் திரும்ப மேடையேறிய முதல் நாளே ஊர் சொன்னது: முன்னையை விட இப்போதுதான் கை எண்ணெய் மாதிரி ஓடுது. அவனுக்கும் மேடையில் காலடியில் இருக்கிற மொனிற்றர் ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்டது. வீட்டில் தனியே வாசிக்கும்போது மட்டும் சில கம்பிகள் மங்கின மாதிரி இருக்கும். கடற்காற்று. இந்த ஊரில் உப்பு எதைத்தான் விட்டு வைக்கிறது? கம்பியை மாற்றுவான். இரண்டு கிழமையில் அதுவும் மங்கும். திட்டிக்கொண்டே திரும்பவும் மாற்றுவான். மெலனி பழைய கம்பிகளைச் சுருட்டி, ஒன்றும் பேசாமல் குப்பையில் போடுவாள்.

இப்போது வந்திருப்பது வேறு வில்லங்கம். இந்த வருடச் சீசனுக்கு ஹோட்டல்காரர் ஆறு பேர் கொண்ட குழுவை நாலாகக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு கிற்றார் போதும். குழுத் தலைவர் இக்னேசியஸுக்கு எவனையும் போ என்று சொல்லும் துணிவு கிடையாது. ஆகவே ஹோட்டல் மனேஜர் மஹ்ரூப் சேர் ஒரு வழி சொன்னார். இருவரும் இக்னேசியஸின் கிற்றாரிலேயே ஒரே இசைத் துண்டை வாசிக்கட்டும். தான் சாப்பாட்டு மண்டபத்துத் தட்டிக்குப் பின்னால் இருந்து, ஆர் என்று தெரியாமல் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாராம். முகம் இல்லை, பெயர் இல்லை. றிக்சன் மேடையில் நின்ற இருபத்திரண்டு வருடமும் இல்லை. தோற்றால் றிக்சனுக்கு மிஞ்சுவது பாலையூற்றில் மச்சானுடைய பெயின்ற் கடை. வாளி மூடியைத் திறந்து கலர் காட்டுகிற வேலை. கல்யாண வீடுகளில் 'றிக்சன் மாஸ்ரர்' என்று கதிரை இழுத்துப் போடுகிற சனம், அங்கே வந்து 'அரை லீற்றர் வெள்ளை' என்று கேட்கும்.

பத்து மணிக்குச் சோதனை. அதற்கு முன் தேத்தண்ணி மேசையில் வாய்ச்சண்டை ஒன்று நடந்தது. தொடக்கியவன் றிக்சன்தான்.

"ஐஸ் பெட்டிக்கு வேணும், ஒத்துக்கொள்ளுறன். சுழியோடிக்கு வேணும், இல்லாட்டிச் செத்துப்போவான். கிற்றார்காரனுக்குக் கம்பிரஸர் என்னத்துக்கு? ஆண்டவர் தந்த விரல் இருக்குத்தானே?"

"இருக்கு அண்ணன்," என்றான் சஞ்சீவன், கோப்பைக்குள் பார்த்தபடி. "ஆனா விரலுக்கும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு குணம். நித்திரை இல்லாட்டி ஒரு மாதிரி, பசியெண்டா ஒரு மாதிரி. சாப்பிட வந்த சனத்துக்கு என்ர பசி ஏன் கேக்கவேணும்?"

"அப்ப நீ வாசிக்கேல்ல. பெட்டி வாசிக்குது."

"பெரிய ஆக்களும் பாவிக்கினம்தான் றிக்சன்," என்று இழுத்தார் இக்னேசியஸ். "நான் ஒரு பக்கமும் கதைக்கேல்ல."

"நீங்கள் எந்த நாள் ஒரு பக்கம் கதைச்சனீங்கள் அண்ணன்? இஹ்ஸானைக் கேப்பம். நீ சொல்லடாப்பா. தேவையா, இல்லையா?"

இஹ்ஸான் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டான். அது முறிந்து உள்ளே விழுந்தது.

"எனக்கென்ன தெரியும் அண்ணன்," என்றான் கரண்டியால் தேடிக்கொண்டு. "நான் சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற ஆள்."

காசு சுண்டியதில் சஞ்சீவன் முதலில் என்று வந்தது. இஹ்ஸான் மிக்ஸரில் இருவருக்கும் வழக்கமான லைனையே போட்டிருந்தான். றிக்சனுக்கு ஐந்து, சஞ்சீவனுக்கு ஆறு. துண்டு இக்னேசியஸ் எழுதியது. மெதுவான வோல்ஸ் மெட்டு ஒன்று. தொடக்கத்தில் வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், கிற்றார் மட்டும் கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டுகிற ஒரு பகுதி வரும். ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கிற ஒரு சொருகலும் அதில் கிடையாது. எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும்.

சஞ்சீவன் காலால் பெடலை அமத்தினான். முதல் கம்பியை மீட்டினான்.

ஒன்றுமில்லை.

திரும்ப மீட்டினான். ஸ்பீக்கருக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் இரைச்சல், அவ்வளவுதான். குனிந்து கேபிளை ஆட்டிப் பார்த்தான். காதுமடல் சிவந்தது. தட்டிக்குப் பின்னால் மஹ்ரூப் சேர் செருமினார். "தொடங்கல்லையா? எனக்குப் பதினொரு மணிக்கு மீற்றிங் இரிக்கு."

"பற்றரி போல," என்றார் இக்னேசியஸ் பதறிப்போய். "இஹ்ஸான், புதுசு ஒண்டு..."

"சேருக்கு நேரமில்லை அண்ணன்," என்றான் றிக்சன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. "விரல் இருக்குத்தானே, வாசிக்கட்டும்."

சஞ்சீவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. பிறகு கேபிளைப் பெடலில் இருந்து இழுத்து, லைனில் நேரே குத்திக்கொண்டு, கண்ணை மூடினான்.

றிக்சன் எதிர்பார்த்தது தடுமாற்றத்தை. தடுமாற்றம் இருக்கத்தான் செய்தது. மூன்றாவது அடியில் ஒரு சுரம் திடுக்கென்று துள்ளியது. அடுத்தது மூச்சுக்குள் போய்விட்டது. ஆனால் அந்த மூச்சுக்குள் போனதைக் கேட்கத்தான் மண்டபத்தில் நின்ற எல்லோரும் கொஞ்சம் முன்னால் சரிந்தார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து, சொல்லவா விடவா என்று தயங்கித் தயங்கி எதையோ சொல்வதைப்போல இருந்தது. குசினிக்குள் இருந்து சமையல்காரர் கையில் அகப்பையோடு வெளியே வந்து நின்றார். அகப்பையில் இருந்து சொதி நிலத்தில் சொட்டியது. றிக்சன் ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினான். பெட்டி இல்லாமல் இவன் நொண்டுவான் என்றுதானே நினைத்தோம்? இதென்ன, இறங்கி நடக்கிறானே.

அடுத்து அவன் முறை. ஐந்தாவது லைனில் குத்தினான். மொனிற்றரில் தன் சத்தம் வந்த உடனேயே நிம்மதியில் தோள் இறங்கியது. ஒவ்வொரு சுரமும் மற்றதன் உயரத்தில், சேர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நடந்தது. ஒன்றும் துள்ளவில்லை. ஒன்றும் விழவில்லை. சமையல்காரர் திரும்பிக் குசினிக்குள் போனதை அவன் கவனித்தான். கவனிக்காத மாதிரி வாசித்து முடித்தான்.

மஹ்ரூப் சேர் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "முதல் ஆள்ற வாசிப்பில சீவன் இரிக்கு. பொய் சொல்லேலாது. ஆனா சில இடம் கேக்குதில்ல, சில இடம் தூக்கி வாரிப்போடுது. இது சாப்பாட்டு மண்டபம். கிற்றார் கேட்டு ஆக்கள் முள்ளுக்கரண்டிய வெச்சிட்டு நிமிந்து பாக்கக்கூடாது. எனக்கு ரெண்டாவது ஆள்."

அவ்வளவுதான். இக்னேசியஸ் றிக்சனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் மட்டும் ஏதோ செத்த வீட்டுக் களை.

றிக்சன் வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்று மெலனிக்கு அழைத்தான். "கிடைச்சிட்டுது!"

"கர்த்தருக்குத் தோத்திரம்," என்றாள். பிறகு, "இஹ்ஸான் நிண்டவரோ?"

"அவன் நிக்காம? ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான். வெயிலுக்க நிக்காம வாங்கோ. மீன் வாங்கி வைக்கிறன்."

திரும்பி வந்தபோது சஞ்சீவன் பையை மாட்டிக்கொண்டு நின்றான். கையில் நீலப் பெடல்.

"இது உங்கட வீட்டுச் சாமான் அண்ணன். அக்காட்டக் குடுங்கோ."

"வைச்சிரு. வேற இடத்தில தேவைப்படும்."

"வேற எங்க? மச்சான்காரன் கட்டாருக்கு வா வா எண்டு நிக்கிறான். கிற்றார் இல்லையெண்டாக் கட்டார்." தன் பகிடிக்குத் தானே சிரித்தான். கண் சிரிக்கவில்லை. "அங்கயும் கம்பிரஸர் வேலைதான் அண்ணன். ஏசிக் கம்பிரஸர் கழட்டிப் பூட்டிறது."

பெடலை மிக்ஸர் மேசையில் வைத்துவிட்டுப் போனான். வாசலில் வெயில் அவனை விழுங்கியது. பின்னாலேயே இக்னேசியஸும், அவனோடு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

றிக்சனுக்கு உள்ளே ஒரு முள் குத்தியது. பிடுங்கி எறிந்தான். நான் என்ன செய்தேன்? அவனை அவனாக வாசிக்க விட்டேன். தோற்றது அவன் கை. வென்றது என் கை.

"அண்ணன், போயிடாதீங்க. ஒரு நிமிசம் இரிங்க."

இஹ்ஸான். கேபிள் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பெடலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். மூடியைத் திறந்து பற்றரியை வெளியே எடுத்தான். அதன் தலையில் சிவப்பாக ஒரு கோடு.

"மகள் நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ்," என்றான் மெதுவாக. "முடிஞ்ச பற்றரிக்கு நான் கோடு போடுறது. மாறிக் கீறிப் போயிடும் எண்டு."

றிக்சன் பொய் சொல்லப் பார்த்தான். அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"ஓம், நான்தான் மாத்தினனான். என்ன இப்ப? ஒரு பொய்யைக் கழட்டினனான். நானும் பெட்டி இல்லாமத்தானே வாசிச்சனான்? அவனுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா? வெறுங்கைக்கு வெறுங்கை. போய் மஹ்ரூப் சேரிட்டச் சொல்லப் போறியா? சொல்லு."

வெறுங்கை என்ற சொல்லில் இஹ்ஸானின் முகம் ஒருமுறை சுருங்கியது. ஹெட்செட்டை எடுத்து நீட்டினான்.

"காலையில வாசிச்சது பதிவில இரிக்கு. மிக்ஸர் கை வெக்க முன்னம், லைன்ல வந்தது வந்தபடி. இதக் கேளுங்க. கேட்டிட்டு நீங்களே சொல்லுங்க."

றிக்சன் ஹெட்செட்டை மாட்டினான். வோல்ஸின் தொடக்கம். கிற்றார் மட்டும்.

கேட்கக் கேட்க அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வளைந்தது. பெருவிரல் சுரம் கல்லைப் போட்ட மாதிரி விழுந்தது. சுட்டுவிரல் பரவாயில்லை. நடுவிரல் சுரம் பக்கத்து அறைக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரி. மோதிர விரல் வரவேண்டிய இடத்தில் சுரமே இல்லை. நகம் கம்பியில் உரசிய 'கிறீக்' மட்டும். அடுத்த அடியிலும் அப்படி. அதற்கடுத்த அடியிலும். ஸ்பீக்கரில் கேட்டபோது இவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே! மண்டபத்து எதிரொலி மூடிவிட்டிருக்கும்.

"கேட்டியா இஹ்ஸான்?" காதில் ஹெட்செட் இருந்ததால் சத்தமாகவே சொன்னான். "இதையோ சமையல்காரன் வந்து வாயைப் பிளந்து கேட்டவன்? ரெண்டு விரல் வேலையே செய்யேல்ல. இது வாசிப்பில்லை, நொண்டி அடிக்கிறது."

"அப்ப இந்தக் கைக்குக் கம்பிரஸர் வேணுமா அண்ணன்?"

"இவனுக்கா? கட்டாயம் வேணும். இப்பிடி ஒரு கையை வைச்சுக்கொண்டு அது இல்லாம மேடையேறுறது சனத்துக்குச் செய்யிற துரோகம். ஆராவது முகத்துக்கு நேர சொல்லியிருக்க வேணும். தெரிஞ்சும் சொல்லாதவன்தான் பெரிய பாவி."

இஹ்ஸான் தலையைக் குனிந்துகொண்டான். மிக்ஸரின் திரையில் ஒரு சிறு சதுரம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தான். சதுரம் பச்சையாக மாறியது.

ஹெட்செட்டுக்குள் விழுந்து கிடந்த சுரங்கள் எழும்பின. கல் மாதிரி விழுந்தது பஞ்சானது. பக்கத்து அறைக்குள் நின்றது கிட்ட வந்தது. இல்லாத சுரம் எங்கிருந்தோ வந்து தன் இடத்தில் நின்றது. எல்லாம் ஒரே உயரம். எண்ணெய். அதே வாசிப்பு, அதே அடி, அதே பிழை. ஒன்றும் துள்ளவில்லை, ஒன்றும் விழவில்லை. இந்தச் சத்தத்தை றிக்சனுக்குத் தெரியும். மேடை மேடையாக, மொனிற்றரில், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கேட்டு வந்த சத்தம்.

திரையை எட்டிப் பார்த்தான். அந்தச் சதுரத்துக்குள் கம்பிரஸர் என்றும், அதற்கு மேலே ஐந்து என்றும் இருந்தது.

வலது கை தானாக எழும்பி ஹெட்செட்டைக் கழற்றப் போனது. நடுவிரலும் மோதிர விரலும் பிளாஸ்ரிக்கில் பிடிபடாமல் வழுக்கின. இடது கையால் கழற்றினான்.

"எப்ப இருந்து?"

"மூணு வருசம்."

"இக்னேசியஸ் அண்ணன் செய்விச்சவரோ?"

"அவருக்குத் தெரியாது." இஹ்ஸான் செத்த பற்றரியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான், முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட கட்டு அவிழ்த்த கிழம, மெலனி அக்கா பஸ் ஏறி கிண்ணியாவுக்கு எங்கட ஊட்டுக்கு வந்தவ. அந்த ரெண்டு விரலும் இனித் திரும்பாது எண்டு டொக்டர் அவவிட்ட மட்டும் சொன்னவராம். அவருக்குச் சொல்ல ஏலாது, தாங்கமாட்டார் எண்டு அழுதவ." பற்றரியைப் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டான். "இண்டைக்கும் விடிய ஆறு மணிக்கு ஃபோன் எடுத்தவ. அதப் போட மறந்திராத தம்பி எண்டு."